கையோடு கொண்டுபோகும் கிரில் அடுப்பு: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அத்திப்பள்ளியைத் தாண்டி ஓசூர்ப் பக்கம் போய்வருவது அடுத்த தெருவுக்குப் போய்வருவதைப் போன்றது. தளியிலோ தேன்கனிக்கோட்டையிலோ யாராவது ஒரு சித்தப்பாவுக்கு மாந்தோப்பு இருக்கும். கனகபுரா சாலையில் நண்பர் ஒருவர் நிலம் வாங்கிப் போட்டிருப்பார். அதுவும் இல்லையென்றால் அடுக்ககத்தின் மொட்டைமாடி இருக்கிறது. மசாலா தடவிய கோழியை டப்பாவில் அடைத்துக்கொண்டு போய் அங்கேயே சுட்டுச் சாப்பிடலாம் என்ற எண்ணம் வந்ததும், எந்த அடுப்பை வாங்குவது என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. கடையில் கேட்டால் எத்தனை பேருக்குச் சமைக்க வேண்டும் என்று விசாரிப்பார்கள். இணையத்தில் தேடினால் மடித்தபின் எவ்வளவு சிறிதாகும் என்று படம் போட்டுக் காட்டுவார்கள். என்னிடம் யோசனை கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது வேறொன்று: சாப்பிட்டு முடித்த பிறகு மிஞ்சியிருக்கும் தணலை என்ன செய்யப் போகிறீர்கள்?

இந்தக் கேள்வியை நான் பட்டுத்தான் கற்றேன். முதன்முதலில் வாங்கியது புத்தகம்போல் மடியும் தகட்டு அடுப்பு. மடித்தால் மடிக்கணினிப் பைக்குள் அடங்கிவிடும். எடையும் இரண்டு கிலோவுக்குள்தான். ஓசூருக்கு அப்பால் உறவினர் தோப்பில் மாலை ஐந்து மணிக்குப் பற்றவைத்து, ஏழரை மணிக்குச் சாப்பிட்டு முடித்தோம். தணல் மட்டும் முடியவில்லை. அந்த அடுப்புக்கு மூடி கிடையாது; நான்கு பக்கமும் துளைகள்; காற்று நுழைய நுழையக் கரி தன் போக்கில் கனன்றுகொண்டே இருந்தது. குழந்தைகள் காரில் தூங்கிவிட்டார்கள். ஒன்பது மணிக்குப் பொறுமை இழந்து ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன். சாம்பலும் நீராவியும் முகத்தில் அடித்தன. மெல்லிய தகடு டங்கென்ற ஓசையோடு முறுக்கிக்கொண்டது. அதன்பின் அது ஒருநாளும் ஒழுங்காக மடியவில்லை. கரிச்சேறு சொட்டும் தகட்டைச் சாக்கில் சுற்றி டிக்கியில் வைத்துக்கொண்டு பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நின்றபோதுதான், அடுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது போகும் வழியை மட்டும் எண்ணி, திரும்பும் வழியை எண்ணாமல் விட்டது உறைத்தது.

ஆகவே இங்கே நான் சொல்லப்போகும் அளவுகோல்கள் பெரும்பாலும் பின்னாலிருந்து முன்னால் வருபவை. நெருப்பை எப்படி அணைப்பது, சூடான இரும்பை எப்படித் தூக்குவது, சாம்பலை எங்கே கொட்டுவது என்பவற்றுக்கு விடை தெரிந்துவிட்டால், எந்த வடிவம், எந்த எரிபொருள், எந்த அளவு என்பவை தாமாகவே தெளிந்துவிடும்.

முதலில் இடம்

அடுப்புக்கு முன் இடத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். லால்பாக், கப்பன் பூங்கா, நந்தி மலை போன்ற இடங்களில் அடுப்பு மூட்டும் எண்ணமே வேண்டாம். காவிரிக் கரையில் முத்தத்திப் பக்கம் போகிறவர்கள், அங்குள்ள காடு காவிரி வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தது என்பதை மறக்கக் கூடாது. சரணாலயத்துக்கு ஆபத்து விளைவிக்கும் வகையில் தீ மூட்டுவதையும், எரியும் தீயை அப்படியே விட்டுவிட்டு வருவதையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு தடை செய்கிறது. 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் காடு எரிந்ததைக் கண்டவர்கள், மாசி, பங்குனியில் காய்ந்த புல்லின்மேல் ஒரு பொறி விழுந்தால் என்னவாகும் என்பதை விளக்கக் கேட்க மாட்டார்கள். ஒகேனக்கல்லுக்குப் போகிறவர்கள் அடுப்பையே மறந்துவிடலாம். மீனை வாங்கிக் கொடுத்தால் அங்குள்ள பெண்கள் மசாலா தடவிப் பொரித்துத் தருவார்கள், அந்தக் கைப்பக்குவம் நம் கம்பித்தட்டில் வராது.

நடைமுறையில் எஞ்சுபவை தெரிந்தவரின் நிலம், முன்கூட்டியே ஒப்புதல் தந்த ஹோம்ஸ்டே, குடியிருப்போர் சங்கத்தின் அனுமதி பெற்ற மொட்டைமாடி ஆகியவைதாம். தோப்பில் நேரம் தாராளமாக இருக்கும், ஆனால் தரையில் சருகு கிடக்கும். எனவே கால் உயரமான அடுப்போ, மூன்று செங்கல்லின்மேல் தூக்கி வைக்கக்கூடிய அடுப்போ வேண்டும். ஹோம்ஸ்டேயில் மறுநாள் காலை அறையைக் காலி செய்ய வேண்டும் என்பதால், விரைவில் ஆறி, சுத்தமாக மூடக்கூடியதாக இருப்பது முக்கியம். மொட்டைமாடியில் தரைக்கு நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு பூசியிருப்பார்கள் அல்லது ஓடு பதித்திருப்பார்கள். இரண்டுமே அடுப்பின் அடியிலிருந்து இறங்கும் சூட்டைத் தாங்காது. அங்கே அடியில் சாம்பல் தட்டு உள்ள அடுப்பே பொருந்தும். அதற்கும் கீழே மணல் பரப்பிய தட்டு ஒன்றை வைப்பது நல்லது. பால்கனியில் எந்த அடுப்பும் வேண்டாம். மேல்வீட்டுத் துணிக்கொடி ஒன்றே அதற்குப் போதுமான காரணம்.

வாயு அடுப்பு யாருக்கு

வாயு அடுப்பின் தலையாய வசதி சமையலில் இல்லை. குமிழைத் திருப்பியதும் நெருப்பு நின்றுவிடுகிறது என்பதில் இருக்கிறது. அரை மணி நேரத்தில் தொட்டுத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். காலையில் போய் மாலைக்குள் திரும்புகிறவர்கள், கைக்குழந்தையோடு போகிறவர்கள், மொட்டைமாடியில் புகை கூடாது என்று சொல்லப்பட்டவர்கள் தயங்காமல் இதையே வாங்கலாம். கரியின் மணம் வராதே என்று பலர் கவலைப்படுகிறார்கள். சுட்ட இறைச்சியின் மணத்தில் பெரும்பங்கு, உருகிய கொழுப்பும் மசாலாச் சாறும் சூடான பரப்பில் சொட்டிப் புகைந்து மேலே எழுவதால் வருவது. நன்றாகக் கனிந்த கரி தானாகத் தரும் மணம் குறைவே. எனவே எரிமுனைக்கு மேலே சாறு சொட்டி ஆவியாவதற்கென்று ஒரு தகடோ வளைந்த பட்டையோ உள்ள வாயு அடுப்பைத் தேர்ந்தெடுத்தால், அந்த மணத்தில் பாதிக்கு மேல் கிடைத்துவிடும்.

அடுப்பு தரும் வெப்பத்தின் அளவாகப் பெட்டியின்மேல் கிலோவாட் என்றோ பி.டி.யு. என்றோ ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். 1 கிலோவாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 3,400 பி.டி.யு. ஒரு கிலோ சமையல் வாயு எரிந்தால் ஏறத்தாழ 46 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும், 2.5 கிலோவாட் அடுப்புக்கு மணிக்கு 9 மெகாஜூல் வேண்டும். ஆக முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 200 கிராம் வாயு செலவாகும். கடைகளில் கிடைக்கும் நீளமான பியூட்டேன் குப்பியில் 220 கிராம் அளவுக்கு இருக்கும் என்பதால், ஒரு குப்பி ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். ஆறு பேருக்குச் சுடுவதென்றால் இரண்டு குப்பிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பாதிக் கோழி வெந்த நிலையில் வாயு தீர்ந்துபோனால் வேறு வழியிருக்காது.

குப்பியின் வகையையும் பார்க்க வேண்டும். சில அடுப்புகள் குப்பியைக் குத்தித் துளைத்து வாயுவை எடுப்பவை. ஒருமுறை பொருத்திவிட்டால் காலியாகும்வரை கழற்றக் கூடாது. திரும்பும் வழியில் பாதி நிறைந்த குப்பியும் அடுப்பும் ஒட்டியபடியே வரும் என்பதால் அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. மறையிட்டுத் திருகும் குப்பியும், பக்கவாட்டில் பூட்டிக்கொள்ளும் நீளக் குப்பியும் கழற்றியதும் தாமே அடைத்துக்கொள்பவை. பியூட்டேன் ஆவியாகத் தொடங்குவது மைனஸ் 0.5 டிகிரியில். பெங்களூரின் மார்கழிக் குளிர் அதை ஒன்றும் செய்யாது, ஆனால் உதகையில் உறைபனி விழும் இரவில் சுடர் சுருண்டுவிடும். அங்கே போகிறவர்கள் புரோப்பேன் கலந்த குப்பியைக் கேட்டு வாங்க வேண்டும். காற்றைத் தடுக்கிறேன் என்று குப்பியையும் சேர்த்துத் தகட்டால் சுற்றி மறைப்பதும், குப்பி அறைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அகலமான தோசைக்கல்லை வைப்பதும் குப்பியைச் சூடாக்கி வெடிக்க வைக்கும். வீட்டுச் சிலிண்டரிலிருந்து காலிக் குப்பியில் வாயு நிரப்பித் தருபவர்கள் இருக்கிறார்கள். சமையல் வாயுவில் புரோப்பேனும் கலந்திருப்பதால் அதன் அழுத்தம் கூடுதல், பியூட்டேனுக்கென்று செய்த மெல்லிய குப்பி அதற்கானதல்ல.

அடிக்கடி வெளியே சமைப்பவர்கள் 5 கிலோ சிலிண்டரோடு பொருந்தும் அடுப்பை எண்ணிப் பார்க்கலாம். அப்போது அடுப்பின் அழுத்த அளவைக் கவனியுங்கள். நம் வீட்டு ரெகுலேட்டர் தருவது சுமார் 30 மில்லிபார். வெளிநாட்டிலிருந்து வரும் சில அடுப்புகள் 50 மில்லிபாருக்கு ஏற்றவை, அவற்றை இங்கே பொருத்தினால் சுடர் சோம்பலாகத்தான் எரியும். இன்னொன்று: சேலத்துக்கோ கோவைக்கோ ரயிலில் போகிறவர்கள் எந்த வாயுக் குப்பியையும் எடுத்துச் செல்லக் கூடாது. 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், 164ஆம் பிரிவு, இதற்கு மூன்றாண்டுவரை சிறைத்தண்டனை வைத்திருக்கிறது. விமானத்திலும் கைப்பை, சரக்குப் பை இரண்டிலும் இதற்கு இடமில்லை.

கரி அடுப்பில் மூடியே உயிர்

கரிதான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு நான் சொல்வதெல்லாம் மூடியைப் பற்றியதுதான். மூடியிருந்தால் தடித்த துண்டுகள் உள்ளேவரை வேகும், காற்று சாம்பலை வாரி இறைக்காது என்று விற்பவர்கள் சொல்வார்கள்; இரண்டும் உண்மை. இன்று உலகெங்கும் பரவியிருக்கும் உருண்டை வடிவ மூடி அடுப்பை 1952இல் சிகாகோ பக்கத்து உலோகப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீஃபன் கடல் மிதவையின் அரைக்கோளத்தைக் கொண்டு செய்ததற்குக் காரணமும் காற்றோடு அவர் பட்ட பாடுதான். ஆனால் பயணத்துக்கு மூடி வேண்டும் என்று நான் வற்புறுத்துவது, அதுதான் நெருப்பை அணைக்கும் கருவி என்பதால். கீழே ஒரு காற்றுத்துளை, மூடியில் ஒரு காற்றுத்துளை. கீழே நுழையும் காற்று கரியை எரியவைத்து மேலே வெளியேறுகிறது. இரண்டையும் நகர்த்தி அடைத்துவிட்டால் உயிர்வாயு கிடைக்காமல் தணல் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் மூச்சடங்கிவிடும். தண்ணீர் வேண்டாம், சேறு இல்லை, தகடு முறுக்கிக்கொள்ளாது. எரியாமல் மிஞ்சிய கரியும் வீணாகாது. அடுத்த முறை புதுக்கரிக்கு அடியில் போட்டால் அதுதான் முதலில் பற்றிக்கொள்ளும்.

மூடி இருந்தால் மட்டும் போதாது, அது பொருந்த வேண்டும். கடையில் ஒரு சோதனை செய்து பாருங்கள்: கைப்பேசியின் விளக்கை எரியவிட்டு அடுப்புக்குள் வைத்து, மூடியைப் போட்டு, துளைகளை அடைத்துவிட்டு, கடையின் வெளிச்சத்தைக் கையால் மறைத்தபடி சுற்றிலும் கவனியுங்கள். மூடியின் விளிம்பில் மயிரிழை அளவுக்கு ஒளி தெரிவது பெரும்பாலான அடுப்புகளில் இயல்பு. ஒரு பக்கம் முழுவதும் கோடாக ஒளி வழிந்தால் அந்த வழியே காற்றும் நுழையும். தணல் இரவெல்லாம் உயிரோடு இருக்கும். துளையை மூடும் வில்லை தளர்ந்து தானாகச் சுழல்கிறதா, கையுறை போட்ட விரலால் பிடித்து நகர்த்த வாகாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மூடியை வைத்து இறுக்கும் கொக்கிகள் இருந்தால் காரில் கொண்டுவரும்போது சாம்பல் சிந்தாது.

சிவாஜிநகரிலும் நோன்பு மாதத்தில் மசூதி சாலையிலும் கபாப் கடைகளின் முன் நீளமான இரும்புத் தொட்டி அடுப்புகளைப் பார்த்திருப்பீர்கள். கம்பிகளைக் குறுக்கே வைத்தால் விழாத அளவுக்கு ஒடுக்கமான அகலம், கனத்த தகடு, இடுப்பளவு உயரம், மூடியென்று ஒன்றும் கிடையாது. அந்த அடுப்பு அத்தனை அழகாகச் சுடுகிறதே, அதேபோல் சிறிதாக ஒன்று செய்துகொள்ளலாமே என்று எனக்கும் தோன்றியதுண்டு. ஆனால் அந்தக் கடைக்காரர் மாலை முழுவதும் கரி போட்டுக்கொண்டே இருப்பவர். கடையை மூடும்போது தணலை டிக்கியில் வைத்து இருபது மாடிக் குடியிருப்புக்கு எடுத்துப் போக வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. நம் பாட்டிமார் வைத்திருந்த குமுட்டி அடுப்பும் அப்படித்தான். அது வீட்டை விட்டு நகர்ந்ததில்லை.

மூடியில்லாத அடுப்பை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. இறுக்கமான மூடியுள்ள, ரப்பர் வளையமில்லாத எவர்சில்வர் தூக்கு ஒன்றைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். சமைத்து முடித்ததும் நீண்ட இடுக்கியால் தணலை அதற்குள் போட்டு மூடிவிட்டால் அங்கேயே அடங்கும். வெளிப்பக்கம் கொதிக்கும் என்பதால் கல்லின்மேல் வைக்க வேண்டும். இதற்குப் பழைய குக்கரைப் பயன்படுத்தாதீர்கள். பெரும்பாலும் அது அலுமினியம், அலுமினியம் 660 டிகிரியில் உருகும், நன்றாகக் கனன்ற கரி அந்தச் சூட்டை எட்டக்கூடியது.

கரியைப் பற்றியும் ஒரு சொல். இஸ்திரிக் கடைகளிலும் மூட்டைக் கடைகளிலும் கிடைக்கும் கரியில் பெரும்பகுதி இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையில் சுடப்படும் சீமைக் கருவேலங்கரி. எளிதில் பற்றும், நல்ல சூடு தரும், எப்போதாவது பொறி தெறிக்கும். தேங்காய்ச் சிரட்டைக் கரி பற்றுவதற்கு நேரமெடுத்தாலும் நின்று எரியும், சாம்பலும் மிகக் குறைவு. தூளை மாவுப் பசையோடு சேர்த்து அழுத்திய கட்டிக் கரி சீராக எரியும், ஆனால் சாம்பல் அள்ளி மாளாது; சிறிய அடுப்பில் அந்தச் சாம்பலே அடித்துளையை அடைத்து நெருப்பை மந்தமாக்கிவிடும். சிறிய அடுப்புக்கு நான் சிரட்டைக் கரியையே சொல்வேன். ஹூக்காவுக்கென்று விற்கும், தீக்குச்சி காட்டியதும் சீறிப் பற்றும் வில்லைகளில் இரசாயனம் சேர்ந்திருக்கும். உணவுக்கு அவை ஆகாது.

தகடும் கம்பியும்

ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு, 1 மில்லிமீட்டர் கனத்தில், 7.85 கிலோ எடை இருக்கும். 45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 10 செ.மீ. ஆழமுள்ள மூடியில்லாத பெட்டிக்கு ஏறத்தாழ 0.285 சதுர மீட்டர் தகடு வேண்டும். அப்படியானால் 1 மி.மீ. கனத்தில் பெட்டி மட்டும் இரண்டேகால் கிலோ, 2 மி.மீ. கனத்தில் நான்கரைக் கிலோ. அந்த அளவுள்ள அடுப்பு கால், கம்பித்தட்டு எல்லாம் சேர்த்து இரண்டு கிலோதான் என்று விளம்பரம் சொன்னால், தகடு அரை மி.மீ.யை ஒட்டித்தான் இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். அந்தத் தகடு இரண்டாம் முறை சூடேறும்போதே நெளியும். பையில் முதுகில் சுமந்து மலையேறுகிறவர்களுக்கு எடைக் குறைவு முக்கியம். காரில் போகிறவர்கள் 1 மி.மீ.க்குக் குறையாமல் பார்த்துக்கொள்வதே சரி. வார்ப்பிரும்பு அடுப்புகள் சூட்டைப் பிடித்துவைத்து அருமையாகச் சுடும், ஆனால் அதே குணத்தால் ஆறுவதற்கும் அடம்பிடிக்கும். கீழே விழுந்தால் விரிசலும் விடும். தோட்டத்திலேயே வைத்துவிட்டு வர இடமிருப்பவர்களுக்குத்தான் அவை.

எஸ்.ஜே.பி. சாலைப் பக்கம் தகடு வாங்கி, வீட்டருகே வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்பவர்களும் உண்டு. நல்ல வழிதான், கால் உயரத்தையும் மூடியையும் நம் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். ஆனால் பட்டறையில் கைக்குக் கிடைக்கும் ஜி.ஐ. தகட்டை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதன்மேல் பூசியிருக்கும் துத்தநாகம் 420 டிகிரியில் உருகத் தொடங்கி, சூடு 900 டிகிரியைத் தாண்டினால் கொதித்து ஆவியாகும். அந்தப் புகையை உள்ளிழுத்தால் காய்ச்சலும் குளிர்நடுக்கமும் வரும். வெறும் கறுப்பு இரும்புத் தகடு போதும், துருப்பிடித்தாலும் தேய்த்துவிடலாம். எவர்சில்வர் என்று சொல்லி விற்பதைக் காந்தம் வைத்துச் சோதிக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: மலிவான 202 வகையிலும் காந்தம் ஒட்டாது, உயர்ந்த 304 வகையிலும் ஒட்டாது. எந்த வகை என்பதை விலைச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கம்பித்தட்டில்தான் பெரும்பாலான அடுப்புகள் ஏமாற்றுகின்றன. பளபளக்கும் குரோமியப் பூச்சுள்ள மெல்லிய கம்பிகள் சில மாதங்களில் உரிந்து, அந்தச் செதில் உணவோடு சேரும். 4 மி.மீ.க்குக் குறையாத எவர்சில்வர் கம்பி, இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஒரு விரல் நுழையாத இடைவெளி. இந்த இரண்டையும் பார்த்தால் போதும். வஞ்சிரத் துண்டு ஒட்டாமலும் பன்னீர் நழுவாமலும் இருக்கும். கரிக்கும் கம்பித்தட்டுக்கும் நடுவே 8 முதல் 12 செ.மீ. உயரம் வேண்டும், அதைவிடக் குறைந்தால் தோல் கருகும், எலும்போரம் இரத்தம் கசியும். தட்டை இரண்டு உயரங்களில் மாற்றி வைக்கும் வசதி இருந்தால், வேறு எந்த வசதியும் இல்லாவிட்டாலும் அந்த அடுப்பை எடுத்துக்கொள்ளலாம். சமைக்கும் நடுவில் கரி சேர்க்கத் தட்டின் ஓரம் திறக்குமா என்பதையும் பாருங்கள்.

அளவு

ஓர் ஆளுக்கு ஒரு சுற்றில் 200 முதல் 250 சதுர செ.மீ. பரப்பு என்று நான் கணக்கு வைத்துக்கொள்கிறேன். 30 செ.மீ.க்கு 25 செ.மீ. தட்டில் மூன்று பேருக்கு ஒரே சுற்றில் சுடலாம், ஆறு பேருக்கு இரண்டு சுற்று. 37 செ.மீ. விட்டமுள்ள சிறிய உருண்டை அடுப்பில் நான்கைந்து பேருக்கு ஒரே சுற்றில் முடியும். இதைவிடப் பெரிது வேண்டும் என்று தோன்றும்போது நிதானியுங்கள். பரப்பு இரண்டு மடங்கானால் கரியும் இரண்டு மடங்கு, ஆறும் நேரமும் கூடுதல். சுடச்சுட வரும் முதல் சுற்றைச் சாப்பிட்டுக்கொண்டே இரண்டாம் சுற்றுக்குக் காத்திருப்பதில் யாருக்கும் வருத்தம் இருந்து நான் பார்த்ததில்லை. காரின் டிக்கியை மட்டும் அளந்து கொண்டு போங்கள். கரி மூட்டை, தண்ணீர்க் கேன், ஐஸ் பெட்டி ஆகியவையும் அதே டிக்கியில்தான் ஏற வேண்டும்.

கடையில் அடுப்பைக் கையால் ஆட்டிப் பாருங்கள். தட்டின் ஒரு மூலையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் எதிர்மூலை மேலே எழும்பக் கூடாது. கால்களை மடித்து விரிப்பதை விற்பனையாளரிடம் விடாமல் நீங்களே இருமுறை செய்யுங்கள். இருட்டில், கரி படிந்த கையோடு செய்யப் போவது நீங்கள்தானே. கைப்பிடி மரமா, இரும்பா என்பதையும், அது மூடியிலிருந்து இரண்டு விரற்கடையாவது தள்ளி நிற்கிறதா என்பதையும் கவனியுங்கள். திருகாணியால் பொருத்திய பாகத்தை மாற்றலாம். ஸ்பாட் வெல்டிங் விட்டுப்போனால் மறுபடியும் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

முதல் முறையும் திரும்பும் வழியும்

வாங்கி வந்ததும் உணவில்லாமல் ஒருமுறை அரை மணி நேரம் முழுச் சூட்டில் எரியவிடுங்கள். பெயின்ட், எண்ணெய் வாடையெல்லாம் அப்போதே போய்விடும். கம்பித்தட்டு வார்ப்பிரும்பு என்றால் தோசைக்கல்லைப் பழக்குவதுபோல் நல்லெண்ணெய் தடவிச் சூடேற்றிப் பழக்க வேண்டும். கரியைப் பற்றவைக்க மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், அந்த வாடை இறைச்சியில் ஏறும். தேங்காய் நாரும் காய்ந்த சிரட்டையும் போதும். சூடம் வைத்தும் பற்றவைக்கலாம், ஆனால் அதன் புகை முழுதாகப் போகும்வரை தட்டில் ஒன்றும் வைக்கக் கூடாது. இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் கரி நீறு பூத்துச் சாம்பல் நிறமாகும். அப்போது தட்டுக்கு மேலே ஒரு சாணுக்குக் குறைவான உயரத்தில் உள்ளங்கையைக் காட்டுங்கள். இரண்டு மூன்று நொடிக்குமேல் தாங்க முடியவில்லையென்றால் மீனுக்கும் மெல்லிய துண்டுகளுக்கும் ஏற்ற சூடு. ஐந்தாறு நொடி தாங்கினால் எலும்போடு கூடிய கோழிக்கு ஏற்றது.

புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே துளைகளை அடைத்துவிடுங்கள். கடைசிச் சுற்று உள்ளே இருக்கும்போதே மூடிவிட்டால் மிஞ்சிய சூட்டிலேயே சோளமோ சர்க்கரைவள்ளிக் கிழங்கோ வெந்துவிடும். அடுப்பின் அடிப்பக்கத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, வெதுவெதுப்பு மட்டுமே இருந்தால்தான் டிக்கியில் ஏற்ற வேண்டும். சாக்கின்மேல் வைத்து, ஜன்னல்களைச் சற்று இறக்கியபடி ஓட்டுங்கள். உயிருள்ள தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மலை ஊர்களில் குளிருக்காக மிஞ்சிய தணலை அறைக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தி கொடைக்கானலிலிருந்தும் வந்திருக்கிறது. கூடாரத்துக்குள்ளும் காருக்குள்ளும் அது அதே வேலையைத்தான் செய்யும்.

வீட்டுக்கு வந்ததும் சாம்பலைக் குப்பைக் கூடையில் கொட்டிவிடாதீர்கள். மேலே ஆறியதுபோல் தெரிந்தாலும் உள்ளே ஒரு கங்கு மறுநாள்வரை உயிரோடு இருக்கக்கூடும். மூடியை எடுக்காமல் இரண்டு நாள் பால்கனி ஓரத்தில் விட்டுவைத்தபின் கொட்டலாம். மரக்கரிச் சாம்பலாக இருந்தால் ரோஜாத் தொட்டிக்கு ஒரு கைப்பிடி போடுங்கள். கம்பித்தட்டைக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் அதன் மயிர் உதிர்ந்து அடுத்த முறை உணவோடு தொண்டையில் இறங்கலாம். தட்டு சூடாக இருக்கும்போதே பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தித் தேய்த்துவிட்டால் பிசுக்கு போய்விடும். பிறகு ஒரு துளி எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவி, அடுத்த பயணம்வரை செய்தித்தாளில் சுற்றி வையுங்கள்.